முழு பனியன் தைக்கத் தெரிஞ்சவங்க கை தூக்குங்க

வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு டீ-சர்ட் நூலா வந்து பாக்கெட்டுக்குள்ள போற வரைக்கும் எத்தனை கை மாறுதுன்னு ஒரு பக்கம் போட்டிருந்தோம். சும்மா இடம் நிரப்ப எழுதினதுதான், ஆனா இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல அதைப் பத்தியே வந்திருக்கு, அதனால சினிமா கேள்வி, ஜோசியக் கேள்வி கேட்டவங்க எல்லாம் ஒரு வாரம் பொறுத்துக்கோங்க.

நான் 14 வருஷமா பனியன் கம்பெனில ஓவர்லாக், அதான் துணி ஓரத்தைச் சேத்துத் தைக்கற மெஷின், ஓட்டறேங்க. ஷோல்டர் அடிப்பேன், சைடு அடிப்பேன், கழுத்து ரிப் ஏத்துவேன். ஆனா என் பொண்ணுக்கு ஒரு பாவாடை சட்டை தைக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா "டெய்லர்னு சொல்லிக்கறே, இது கூட வராதா"ன்னு சிரிக்கறாங்க. நான் டெய்லரா இல்லையா, நீங்களே சொல்லுங்க.
— வாசகி, திருப்பூர்

அக்கா, அந்த பக்கத்து வீட்டு அக்காவை ஒரு நாள் உங்க மெஷின்ல உக்கார வெச்சு, ஒரே ஒரு கழுத்து ரிப் ஏத்தச் சொல்லுங்க. தெரியாதவங்களுக்காக சொல்றேன், கழுத்துக்கு வெக்கற அந்த ரிப் வளையம் கழுத்து ஓட்டையை விட சின்னதா இருக்கும், அதை ஊசிக்குக் குடுக்கும்போது கையாலயே இழுத்து இழுத்து ஒரே அளவா குடுக்கணும், ஒரு பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி இழுத்து இன்னொரு பக்கம் விட்டா கழுத்து அலை அலையா நிக்கும், ஒரு தண்ணி போட்டா கோணிக்கும். எவ்வளவு இழுக்கணும்னு எந்த ஸ்கேல்லயும் எழுதல, அது உங்க விரலுக்குத்தான் தெரியும். ஊர்ல நல்லா ஜாக்கெட் தைக்கற டெய்லர்கிட்ட பனியன் துணியைக் குடுத்துப் பாருங்க, மனுஷன் தடுமாறிடுவார்.

அப்போ நீங்க டெய்லரான்னு கேட்டா, முழு டெய்லர் இல்ல, ஆனா டெய்லர் வேலைல ஒரு துண்டை டெய்லரை விட நல்லா செய்யறவங்க. இது தானா நடந்ததும் இல்ல. சார்லஸ் பாபேஜ்னு ஒரு இங்கிலீஷ்காரர், கம்ப்யூட்டருக்குத் தாத்தான்னு ஸ்கூல் புத்தகத்துல போட்டிருப்பாங்களே அவரேதான், 1832லயே ஃபேக்டரிகளைச் சுத்திப் பாத்துட்டு ஒரு கணக்கு சொன்னார். ஒரே ஆள் முழு சாமானையும் செய்யணும்னா அதுல இருக்கற கஷ்டமான வேலை தெரிஞ்ச ஆளாத்தான் எடுக்கணும், அந்த ஆள் சுலபமான வேலை செய்யற நேரத்துக்கும் பெரிய கூலிதான் குடுக்கணும். வேலையைத் துண்டு துண்டாப் பிரிச்சுட்டா, கஷ்டத்துக்கு மட்டும் பெரிய கூலி, மீதிக்கு சின்ன கூலி, எவ்வளவு திறமை வேணுமோ அவ்வளவு மட்டும் அளந்து வாங்கிக்கலாம். நம்ம ஊர்ல கட்டிங் மாஸ்டருக்கு ஒரு ரேட்டு, டெய்லருக்கு ஒரு ரேட்டு, கூட நின்னு உதவற கைமடிக்கு ஒரு ரேட்டுன்னு இருக்கே, கணக்கு அதேதான். பிரிச்சா வேகம் கூடும்னு எல்லாரும் சொல்லுவாங்க, கூலியும் குறையும்னு வெளிப்படையா எழுதி வெச்சவர் அவர்.

பாவாடை சட்டை விஷயம்: ஞாயித்துக்கிழமை நாலு கிளாஸ் போனா வந்துரும். கை உங்ககிட்ட இருக்கு, வெட்டறதுதான் தெரியல, ஏன்னா அதைத்தான் உங்ககிட்ட இருந்து பிரிச்சு கட்டிங் டேபிளுக்கு எடுத்துட்டுப் போய்ட்டாங்க.

எக்கனாமிக்ஸ் பாடத்துல குண்டூசி ஃபேக்டரி வருது. 10 பேர் ஒரு நாளைக்கு 48,000 ஊசி செய்வாங்கன்னு. நம்பவே முடியல, உண்மையா சார்?
— ப்ளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்

ஆடம் ஸ்மித் 1776ல எழுதினது அது, ஒரு சின்ன பட்டறையைத் தானே பாத்ததா சொல்றார். கம்பியை இழுக்க ஒருத்தர், நேராக்க ஒருத்தர், வெட்ட ஒருத்தர், முனை கூராக்க ஒருத்தர், தலை வெக்கறதுக்கே ரெண்டு மூணு வேலை, வெள்ளையா பளபளன்னு ஆக்கறது ஒண்ணு, கடைசில காகிதத்துல குத்தறது கூட தனி வேலை, மொத்தம் 18 வேலைன்னு கணக்கு. 10 பேர்தான் இருந்ததால ஒருத்தரே ரெண்டு மூணு வேலை பாத்தாங்களாம். ஆளுக்கு 4,800 ஊசி ஆச்சு. தனித்தனியா, பழக்கமும் இல்லாம செஞ்சா ஒருத்தர் ஒரு நாளைக்கு 20 கூட செய்ய மாட்டார்ங்கறது அவரோட வாதம்.

பரீட்சைக்கு மூணு காரணம் கேப்பாங்க, கை பழகிரும், ஒரு வேலைல இருந்து இன்னொண்ணுக்கு மாறற நேரம் மிச்சம், வேலை சின்னதானா அதுக்கு மெஷின் கண்டுபிடிக்கறது சுலபம், இதை எழுதிடு, மார்க் வந்துரும். ஆனா அந்தப் பாடத்துல இல்லாத ஒண்ணு சொல்றேன். கம்பி வெட்டறவர்கிட்ட இருந்து கூராக்கறவர்கிட்ட துண்டுகளை யார் எடுத்துட்டுப் போனாங்க? யார் எண்ணினாங்க? கோணலா வந்ததை யார் பொறுக்கிப் போட்டாங்க? அந்தக் கணக்குல அவங்களுக்குத் தனியா ஒரு வரி கிடையாது. ஒரே ஆள் முழுசா செய்யும்போது இந்த வேலையே இல்லையே, பிரிச்ச பின்னாடிதான முளைக்குது. கடைசிக் கேள்விக்கு வரும்போது இதை ஞாபகம் வெச்சுக்க.

இன்னொண்ணும் இருக்கு. அதே புத்தகத்துல பின்னாடி பக்கம் போனா அதே மனுஷன், வாழ்நாள் பூரா ரெண்டு மூணு சின்ன வேலையே செய்யறவன் மூளை மழுங்கிப் போயிருவான்னும் எழுதியிருக்கார். முதல் பக்கத்தை மட்டும் பாடத்துல வெச்சுட்டு இதை விட்டுட்டாங்க, நம்ம பாடப்புத்தகக் கமிட்டியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

உங்க ஊர்ல கையால பூட்டு செய்யற பட்டறை பாத்திருந்தா இன்னொண்ணு புரியும். ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால ராவி ராவி அந்த ஒரு பூட்டுக்குன்னு சேத்திருப்பாங்க, ஒண்ணோட லீவரைக் கழட்டி இன்னொண்ணுல போட்டா சேராது. ராவற வேலை இருக்கற வரைக்கும் வேலையை ரொம்ப தூரம் பிரிக்க முடியாது, எந்தப் பாகத்தை எடுத்து எதுல போட்டாலும் பொருந்தணும், அதுக்கு அளவு பிசகாம ஒரே மாதிரி வெட்டற மெஷின் வேணும். இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்துல 1800களோட ஆரம்பத்துல, பாய்மரக் கயிறு ஓடற மரக் கப்பிக்காக மார்க் புரூணல் திட்டம் போட்டு, ஹென்றி மாட்ஸ்லே செஞ்சு குடுத்த மெஷின் வரிசை அப்படித்தான். ஒரு மெஷின் துளை போடும், அடுத்தது பள்ளம் எடுக்கும், அடுத்தது வெளிப்பக்கம் வளைவா சீவும். 110 கைத்தொழிலாளி செஞ்சதை, பழக்கம் இல்லாத 10 பேர் செஞ்சாங்க. 1808ல மட்டும் 1,30,000 கப்பி.

நான் சின்ன அளவுல பவர் டேபிள், அதான் பனியன் தைக்கற யூனிட், வெச்சிருக்கேன். கடன் வாங்கி புதுசா ஸ்பீடு மெஷின் ரெண்டு ஓவர்லாக் போட்டேன். மெஷின்காரன் சொன்ன மாதிரி ஓவர்லாக் வேகம் ஏறிருச்சு, ஆனா சாயங்காலம் பாத்தா பேக்கிங் ஆகற பீஸ் அதே 900தான். எங்க தப்பு?
— வாசகர், அனுப்பர்பாளையம்

அண்ணா, ஓவர்லாக்குக்கு அடுத்து பேட்லாக் எத்தனை இருக்குன்னு எழுதலையே. நீங்க எழுதாம விட்டதுலதான் பதில் இருக்கும்னு நெனைக்கறேன். கீழ் மடிப்பும் கை மடிப்பும் அடிக்கற பேட்லாக் ஒரு நாளைக்கு 900 பீஸ்தான் தள்ளும்னா, முன்னாடி ஓவர்லாக் 900 குடுத்தாலும் சரி 1,500 குடுத்தாலும் சரி, பொட்டிக்குப் போறது 900தான். மீதி 600ம் பேட்லாக் பக்கத்துல குவியும். நாளைக்கு காலைல போய் எந்த மெஷின் பக்கத்துல துணி மலை மாதிரி கிடக்குன்னு பாருங்க, அதுதான் உங்க தப்பு, வேற கன்சல்டன்ட் எல்லாம் வேண்டாம். காசு போடறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும், சரி, ஆனது ஆச்சு, இனி ஓவர்லாக்ல மிஞ்சற நேரத்துக்கு வெளி ஜாப் வொர்க் எடுக்க முடியுமான்னு பாருங்க, இல்லேன்னா இன்னொரு பேட்லாக் வாடகைக்கு எடுங்க.

மனசைத் தேத்திக்க ஒண்ணு சொல்றேன், இது உங்களுக்கு மட்டும் நடந்தது இல்ல. இங்கிலாந்து நாட்டுக்கே நடந்துச்சு. 1733ல ஜான் கே ஒரு பறக்கும் நாடா செஞ்சார், நாடான்னா தறில குறுக்கு நூலைக் கொண்டு போற கட்டை, கயிறை இழுத்தா நாடா தானா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடும், நெசவு வேகம் ஏறுச்சு. ஏறினதும் நூல் பத்தல, ஒரு தறிக்கு நூல் குடுக்க நாலஞ்சு பேரு ராட்டைல உக்காந்துட்டே இருக்க வேண்டியதாப் போச்சு. உடனே எல்லார் மூளையும் நூல் பக்கம் திரும்புச்சு. ஹார்கிரீவ்ஸோட ஜென்னிங்கற நூற்பு மெஷின் வந்துச்சு, ஒரே ஆள் ஒரே நேரத்துல பல கதிர் ஓட்டலாம். 1769ல ஆர்க்ரைட் ஒரு நூற்பு மெஷினுக்கு பேடன்ட் வாங்கினார், 1771ல கிராம்ஃபோர்டுல தண்ணி சக்தில ஓடற மில்லே கட்டிட்டார், 1779ல கிராம்ப்டன் அதை இன்னும் மெல்லிசு நூலுக்குக் கொண்டு போனார். இப்போ நூல் மலையா குவியுது, நெய்ய ஆள் பத்தல! 1785ல கார்ட்ரைட் விசைத்தறிக்குப் போனார், அது ஒழுங்கா ஓடவே இன்னும் பல வருஷம் ஆச்சு. நூலும் தறியும் வேகமானா பஞ்சு பத்தாதே, 1793ல அமெரிக்காவுல எலி விட்னி கொட்டை பிரிக்கற ஜின் மெஷின் கொண்டு வந்தார். கொட்டை பிரிக்கறது சுலபமாச்சு, ஆனா பறிக்கறது கையாலதான, அதுக்கு அடிமைகளை இன்னும் இன்னும் வாங்கினாங்க, தெற்கு மாநிலங்கள்ல அடிமை முறை ஒழியறதுக்குப் பதிலா ஊறிப்போச்சு. நெருக்கடி போற இடமெல்லாம் மெஷின்தான் போய் உக்காரும்னு இல்ல, மெஷின் முடியாத இடத்துல மனுஷன் முதுகுதான்.

நம்ம திருப்பூர்லயே 2011 ஜனவரில நடந்தது ஞாபகம் இருக்குமே. கழிவுத்தண்ணியை ஒரு சொட்டு கூட வெளிய விடக்கூடாதுங்கற நிபந்தனையை நிறைவேத்தலன்னு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு. நொய்யல் ஆத்துக்கு அது வேண்டியதுதான், நான் அதைக் குறை சொல்லல. ஆனா நிட்டிங் இருக்கு, கட்டிங் இருக்கு, டெய்லர் இருக்காங்க, நடுவுல ஒரே ஒரு வேலை நின்னதும் துணியை லாரில ஏத்தி வெளியூருக்கு அனுப்பி சாயம் போட்டு வாங்க வேண்டியதாச்சு. ஒரே கூரைக்குள்ள இருக்கற மில்லுன்னா பிரிவு டிப்பார்ட்மென்ட்டுக்கு நடுவுல, திருப்பூர்ல கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவுல, ஊரே ஒரு நீள டேபிள்தான்.

மெஷினை உடைச்ச லுட்டைட்டுகள் முட்டாள்கள்தானே?
— வாசகர், சேலம்

இல்லைங்க. 1811ல இங்கிலாந்துல நாட்டிங்காம் பக்கம் அவங்க உடைச்சது சாக்ஸ் பின்னற மெஷினை, அது அவங்களுக்குப் புதுசும் இல்ல, வில்லியம் லீ 1589லயே கண்டுபிடிச்சது, 200 வருஷத்துக்கு மேல அதுலதான் சோறு சாப்பிட்டாங்க. அவங்க கோபம் எல்லாம், அகலமா பின்னின துணியை வெட்டி ஒட்டித் தைச்சு மட்டமான சாக்ஸா விக்கற முதலாளிங்க மேல, தொழில் கத்துக்காத ஆளை கம்மி கூலிக்கு வெக்கறவங்க மேல. ஆள் பாத்துத்தான் பல இடத்துல உடைச்சாங்க. 1812ல மெஷினை உடைச்சா தூக்குன்னு சட்டமே போட்டாங்க. இதுல எனக்குச் சிரிப்பு என்னன்னா, பின்னின துணியை வெட்டித் தைக்கறதுக்கு எதிராத்தான் அவ்வளவு சண்டை, இன்னைக்கு திருப்பூர் முழுக்க செய்யறதே அதைத்தான்.

எல்லாத்துக்கும் ரோபோ வந்துருச்சு, பனியன் தைக்க மட்டும் ஏன் இன்னும் ஆள் தேடி பஸ் விடறாங்க?
— வாசகர், ஈரோடு

இரும்புத் தகடை எடுத்து வெச்சா வெச்ச இடத்துல நிக்கும், பனியன் துணி நிக்காதுங்க. வெட்டின ஓரம் தானா சுருண்டுக்கும், பிடிச்சா நீளும், விட்டா சுருங்கும், அடுக்குல இருந்து ஒரே ஒரு துணியை மட்டும் எடுக்கறதே மெஷினுக்குத் தகராறு, ரெண்டு சேந்து வந்துரும். நம்ம கை அதை யோசிக்காமலே பிரிச்சு எடுத்துரும். ஊசி நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தையல் போடற வேகம் ரொம்ப நாளா இருக்கு, ஊசிக்குக் கீழ துணியைக் கொண்டு போய் வெக்கற நேரம்தான் ஜாஸ்தி. தையல் மெஷின் தைக்கற வேலையை எடுத்துக்குச்சு, பிடிக்கற வேலையை நம்மகிட்டயே விட்டுருச்சு.

நிட்டிங் பக்கம் போய்ப் பாருங்க, அங்க கதை வேற. நூல் தொடர்ச்சியா வர்ற சாமான், எடுத்து வெக்கற பேச்சே இல்ல, ராத்திரி மூணு மணிக்கு ஷெட்டுக்குள்ள போனா வட்ட மெஷின் வரிசையா சுத்திட்டு இருக்கும், ஆள் ஒருத்தர் நாலஞ்சு மெஷினைப் பாத்துட்டு ஸ்டூல்ல உக்காந்திருப்பார், ஒரு நூல் அறுந்தா மெஷின் தானா நின்னு லைட் எரியும், அவர் போய் முடிச்சுப் போட்டு ஓட விடுவார். இந்தத் தானா நிக்கற சமாச்சாரத்தைப் பெருசாக்கினவங்கள்ல ஒருத்தர் ஜப்பான்ல சகிச்சி டொயோடா, 1924ல அவர் கொண்டு வந்த தறி நூல் அறுந்தா நின்னுரும், ஓடிட்டே நாடாவும் மாத்திக்கும். அந்த பேடன்ட் உரிமையை 1929ல இங்கிலாந்து பிளாட் பிரதர்ஸ் கம்பெனி வாங்குச்சு, ஒரு காலத்துல உலகத்துக்கே ஜவுளி மெஷின் வித்தவங்க. தறி நிக்காத வரைக்கும் தறிக்கு ஒரு ஆள் முறைச்சுப் பாத்துட்டே இருக்கணும், தானா நின்னா ஒரு ஆளுக்குப் பல தறி. மெஷின் வேலை செய்யறதை விட எப்போ நிக்கணும்னு அதுக்குத் தெரியறதுதான் ஆள் கணக்கை மாத்துது.

ஹென்றி ஃபோர்டு 1914லயே தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் குடுத்தாராமே, எவ்வளவு நல்ல மனசு!
— வாசகர், காட்டாங்கொளத்தூர்

மனசை விடுங்க, கணக்கைப் பாப்போம். 1913ல அவர் ஹைலேண்ட் பார்க் ஃபேக்டரில காந்தச் சுருள் ஒண்ணு, என்ஜினுக்குத் தீப்பொறி குடுக்கற சாமான், அதை ஒரே ஆள் முழுசா சேக்க 20 நிமிஷம் ஆகிட்டு இருந்துச்சு. அதை 29 வேலையாப் பிரிச்சு வரிசைல உக்கார வெச்சாங்க, 13 நிமிஷம் 10 செகண்டுக்கு வந்துச்சு. அப்புறம் அந்த வரிசையோட உயரத்தை 8 இன்ச் தூக்கினாங்க, வேற ஒண்ணும் இல்ல, முதுகு குனியாம இருக்க. 7 நிமிஷம். வேகத்தை சரி பண்ணினதும் 5 நிமிஷம். எட்டு இன்ச் பலகைல ஆறு நிமிஷம்! நம்ம கட்டிங் டேபிள் உயரத்தை யாராவது ஒரு தடவையாவது டேப் வெச்சு அளந்து பாத்திருக்காங்களான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.

அதே முறையை கார் அடிச்சட்டத்துக்கும் கொண்டு போய், சட்டத்தையே இழுத்துட்டு ஆளு முன்னாடி கொண்டு வந்தாங்க. 12 மணி நேரத்துக்கு மேல ஆனது 93 நிமிஷம் ஆச்சு. ஆனா ஆளுங்க நிக்கல. ஒரே போல்ட்டை நாள் பூரா திருகிட்டு, அதுவும் நம்ம வேகத்துக்கு இல்ல, வரிசை ஓடற வேகத்துக்கு, கொஞ்ச நாள்லயே ஓடிப் போய்ட்டாங்க. 1913ல ஆள் மாறற கணக்கு 370 சதவீதம், அதாவது 100 இடத்தை நிரப்பி வெக்க வருஷத்துல 370 பேரை எடுக்கணும். 5 டாலர் வந்தது அதுக்கு அப்புறம். ஏறக்குறைய பாதிப் பணம் லாபப் பங்குன்னு பேரு, அது வேணும்னா வீட்டை எப்படி வெச்சிருக்கே, குடிக்கறியா, சேமிக்கறியான்னு கம்பெனில இருந்து ஆள் வந்து பாப்பாங்க. குடுத்தது நல்ல கூலிதான், வாங்கினவங்க குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்தான், நான் மறுக்கல.

போன இதழ் படத்துக்குக் கீழ "கைமடி"ன்னு போட்டிருந்தீங்க. அப்படின்னா என்ன? துணி மடிக்கறதா?
— வாசகி, நாகர்கோவில்

மடிக்கறது மட்டும் இல்லைம்மா. டெய்லர் அடிச்சுத் தள்ளற பீஸை எடுக்கணும், பிசிறு நூலை வெட்டணும், திருப்பணும், அடுக்கணும், எண்ணிக் கட்டணும், அடுத்த மெஷினுக்குக் கொண்டு போய் வெக்கணும், அதுக்குள்ள டெய்லர் நூல் கேப்பார், அடுத்த பண்டில் கேப்பார், நடுவுல டீ வாங்கப் போகணும். திண்டுக்கல் பொண்ணுகிட்ட சொன்னேனே, ஊசிப் பட்டறைல தனி வரி இல்லாத ஆளு, அது இவங்கதான். ஃபோர்டு வரிசை காலி பண்ணினதும் இந்த நடையைத்தான், சாமானை ஆள் தூக்கறதுக்குப் பதிலா சாமானே நகர்ந்து வந்துச்சு. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனில இப்போ மேல கம்பில ஹேங்கர் ஓடுது, பீஸ் தானா அடுத்த மெஷினுக்குப் போய் நிக்குது. சின்ன டேபிள்ல இன்னும் கைமடிதான்.

நானே எட்டாவது லீவுல ரெண்டு மாசம் அந்த வேலை பாத்திருக்கேன், எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, அந்த ஓனர் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் இப்பவும் போய்ட்டு இருக்கேன். ஒரு டஜன் எண்ணி, மேல ஒண்ணு கீழ ஒண்ணு தெரியற மாதிரி வெச்சு, கட்டிங் வேஸ்ட்ல வர்ற நீளத் துண்டால இறுக்கி ஒரு சுருக்கு. கயிறெல்லாம் தர மாட்டாங்க. ஒரு நாள் சாயங்காலம் எண்ணும்போது ஒரு கட்டுல 11தான் இருந்துச்சு. மூணு டெய்லரும் மெஷினை நிறுத்திட்டாங்க, எல்லாரும் குனிஞ்சு டேபிளுக்கு அடில, வேஸ்ட் மூட்டைக்குள்ள, ஒருத்தர் மடியைக் கூட உதறிப் பாத்தோம், பீஸ் ரேட்டுல இருக்கறவங்களுக்கு நிக்கற ஒவ்வொரு நிமிஷமும் காசு, ஆளாளுக்கு என்னைத் திட்டறாங்க. கடைசில பாத்தா வேர்க்குதேன்னு நான் தோள்ல போட்டுட்டு சுத்தின துண்டுதான் அந்தப் பன்னெண்டாவது பீஸ், இன்னும் ஒரு கை ஏத்தாதது.